டெல்டா குயின்

பின்புறத் துடுப்புச் சக்கரத்தால் இயங்கிய அமெரிக்க ஆற்று நீராவிப் படகு. நீளம் 285 அடி. அடிக்கட்டு எஃகு, மேல்தளங்களும் அறைகளும் மரம்.

இதன் எஃகுப் பகுதிகள் ஸ்காட்லாந்தில் செய்யப்பட்டு, கலிபோர்னியாவின் ஸ்டாக்டன் நகரில் பூட்டப்பட்டன. செய்தது டம்பார்ட்டனில் இருந்த டென்னி கப்பல்தளம் என்பது பெரும்பான்மைக் கருத்து. கிளாஸ்கோவைச் சுட்டும் பழைய குறிப்புகளும் உண்டு. 1927 முதல் 1940 வரை, இணைப்படகான டெல்டா கிங்குடன் சாக்ரமெண்டோ–சான் பிரான்சிஸ்கோ இரவுப் பயணத்தில் ஓடியது. இரண்டாம் உலகப் போரில் கடற்படை இதற்குச் சாம்பல் வண்ணம் பூசி, சான் பிரான்சிஸ்கோ வளைகுடாவில் வீரர்களை ஏற்றிச் செல்லப் பயன்படுத்தியது.

1946இல் சின்சினாட்டியின் கிரீன் லைன் நிறுவனத் தலைவர் கேப்டன் டாம் கிரீன் இதை 46,250 டாலருக்கு வாங்கினார். படகு இருந்ததோ பசிபிக் கரையில். வேண்டியதோ ஓஹையோ ஆற்றில். ஆற்றுக்கென்று கட்டிய மரமாளிகை கடலலையைத் தாங்குமா என்ற ஐயம் நியாயமானதே. கீழ்த்தளங்களைச் சுற்றிலும் பலகை அடித்து, பெரிய மரப்பெட்டி போல மூடினார்கள். 1947 ஏப்ரலில் ஓர் இழுவைக் கப்பல் அதைக் கட்டியிழுத்துப் புறப்பட்டது. பனாமா கால்வாயைக் கடந்து, மே மாதம் நியூ ஆர்லியன்ஸ் பகுதியை அடைந்தபோது சேதம் பெரிதாக இல்லை. பலகைகளைப் பெயர்த்ததும், தன் சொந்த நீராவியிலேயே மிசிசிப்பியில் எதிரேறிச் சென்றது. இந்த இடமாற்றத்தில் பங்குகொண்ட கேப்டன் ஃபிரெட் வே அதை நூலாக எழுதினார். படகின் வாழ்வில் இந்த வாரங்கள் மட்டும் இவ்வளவு துலக்கமாகத் தெரிய அதுவே காரணம்.

டாமின் தாய் மேரி கிரீன், 1890களிலேயே படகுத்தலைவர் உரிமம் பெற்றவர். இறுதிக்காலத்தில் இப்படகையே வீடாகக் கொண்டு, 1949இல் இதிலேயே காலமானார். அவர் ஆவி உலவுவதாகப் படகுப் பணியாளர்களிடையே ஒரு கதை நிலவியது.

தீப்பற்றும் மரக்கட்டுமானத்தோடு இரவுப்பயணிகளை ஏற்றும் பெரிய கலங்களை 1966ஆம் ஆண்டின் பாதுகாப்புச் சட்டம் தடுத்தது. நாடாளுமன்றம் திரும்பத் திரும்ப அளித்த விதிவிலக்கால் டெல்டா குயின் ஓடியது. 1979இல் குடியரசுத் தலைவர் கார்ட்டர் இதில் பயணம் செய்தார். 1989இல் தேசிய வரலாற்றுச் சின்னமானது.

2008இல் விதிவிலக்கு முடிந்தது. பின்னர் சட்டனூகாவில் சில ஆண்டுகள் மிதக்கும் விடுதியாக இருந்து, 2015இல் லூசியானாவுக்குக் கொண்டுசெல்லப்பட்டது. 2018 டிசம்பரில் விதிவிலக்கு மீண்டும் கிடைத்தும், பயணிகள் சேவை தொடங்கவில்லை. டெல்டா கிங் சாக்ரமெண்டோ ஆற்றங்கரையில் தங்கும் விடுதியாக உள்ளது.