தோட்டத்துப் பெண்டிரும் தைராய்டுப் புற்றுநோயும்: மலாக்காவை முன்னிட்டு ஒரு விசாரணை

1. விஷயத்தின் எல்லை

புற்றுநோய்களுள் தைராய்டுச் சுரப்பியைப் பற்றுவது உயிர்ச்சேதம் குறைந்ததேயாயினும், ஆண்களைக் காட்டிலும் பெண்களை ஏறத்தாழ மும்மடங்கு மிகுதியாகப் பீடிக்கும் தன்மையினால் மருத்துவ ஆராய்ச்சியாளரின் கவனத்தை நெடுங்காலமாக ஈர்த்து வந்திருக்கிறது. 2020ஆம் ஆண்டில் உலகெங்கும் சுமார் 5,86,000 பேருக்கு இந்நோய் புதிதாகக் கண்டறியப்பட்டதென்று மதிப்பிடுகின்றனர். இளமையில் தைராய்டில் படும் கதிர்வீச்சு இதற்கொரு காரணம் என்பது, 1986இல் நேர்ந்த செர்னோபில் அணுவுலை விபத்துக்குப் பின் அப்பிரதேசத்துச் சிறுவரிடம் கண்ட அனுபவத்தால் ஐயத்துக்கிடமின்றி நிலைநாட்டப்பட்டது. வீட்டில் புழங்கும் இரசாயனப் பொருள்களும் காரணமாகக்கூடுமா என்பதோ இன்னும் விவாதத்துக்குரியதாகவே நிற்கிறது. அவ்விவாதத்தை மலேசியாவின் மலாக்கா மாநிலத்துத் தமிழ்ப் பெண்களின் வாழ்க்கையோடு பொருத்திப் பார்த்து, மேனாட்டு ஆய்வுகள் இயல்பாக ஏற்றுக்கொண்ட வீடு, வேலைத்தலம் என்ற பாகுபாடு அவர்கள் விஷயத்தில் செல்லாது என்றும், அப்பாகுபாட்டை நம்பிக் கணக்கெடுத்தால் கணக்கே பிழைபடும் என்றும் நிறுவுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2. லயமும் காடும்

மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில் 1896ஆம் ஆண்டில் டான் சே யான் ரப்பர்க் கன்றுகளை நட்டு வணிகப் பயிருக்கு வழிகாட்டிய பின்னர், ஜாசின், அலோர் காஜா வட்டாரங்களில் தோட்டங்கள் பெருகின. அவற்றில் உழைக்க வந்த தமிழ்க் குடும்பங்களுக்கு அளிக்கப்பட்ட லயங்கள், அதாவது வரிசை வீடுகள், தோட்டத்தின் உள்ளேயே எழுந்தன. லாலான் புல்லை ஒழிக்க முற்காலத்தில் சோடியம் ஆர்சனைட்டையும், 1960களிலிருந்து கிராமொக்சோன் என்ற பெயரில் விற்ற பாராகுவாட்டையும் தோட்டங்கள் கையாண்டன. ரப்பர் போய்ச் செம்பனை பரவிய காலத்தில் மருந்தடிக்கும் வேலை பெரும்பாலும் பெண்கள் தலையிலேயே விழுந்தது.

அவ்வேலையின் ஒருநாள் ஒழுங்கை நோக்குவார்க்கு நம் வாதம் விளங்கும். விடியலில் பெரட்டு என்னும் வருகைக் கணக்கெடுப்புக்கு நின்று, மூக்கையும் வாயையும் பழந்துணியால் சுற்றிக்கொண்டு, சுமார் 15 லிட்டர் கொள்ளும் பம்பை முதுகில் ஏற்றி நிரை நிரையாக அடித்துச் செல்லும் பெண், மூடி இறுகாத பம்பிலிருந்து கசிந்த மருந்தால் முதுகுச் சட்டை நனைந்தவளாய் நண்பகலில் லயத்துக்குத் திரும்புகிறாள். பசித்திருக்கும் பிள்ளைகளுக்காக அதே சட்டையோடு அடுப்பை மூட்டுகிறாள். பின்னர் முகத்தில் கட்டிய துணியைப் பள்ளிக்கூடச் சட்டைகளோடு ஒரே பேசினில் ஊறவைக்கிறாள். காலியான மருந்து டின்னைக் கழுவித் தண்ணீர் பிடித்து வைக்கும் வழக்கமும் தோட்டங்களில் இருந்ததே. இவளுடைய உடலிற் சேர்ந்த நஞ்சில் வேலையில் வந்தது இவ்வளவு, வீட்டில் வந்தது இவ்வளவு என்று எந்த வினாத்தாள் பிரித்தறியும்?

ஐரின் பெர்னாண்டஸ் தலைமையில் இயங்கிய தெனாகானித்தா அமைப்பு, மருந்தடிக்கும் பெண்களின் துன்பங்களைத் தொகுத்து 2002இல் ஓர் அறிக்கையை வெளியிட்டது. அவ்வாண்டிலேயே பாராகுவாட்டுக்குத் தடை அறிவிக்கப்பட்டு, 2006இல் அது தளர்த்தப்பட்டு, இறுதியாக 2020 ஜனவரி 1 முதல் முழுத்தடை நடைமுறைக்கு வந்தது. ஆயினும் பாராகுவாட்டு நுரையீரலையும் சிறுநீரகத்தையும் தோலையும் நகத்தையும் கெடுக்கும் நஞ்சேயன்றித் தைராய்டுக்கு உரிய நஞ்சென்று பெயர் பெற்றதன்று. உடனே கொல்லும் நஞ்சின்மேற் சென்ற பொதுக்கவனம், மெல்ல வேலை செய்யும் பொருள்கள்மேற் செல்லவில்லை என்பதே நாம் குறிக்க விரும்புவது.

3. சுரப்பி கெடும் விதம்

தைராய்டுச் சுரப்பி இரத்தத்திலிருந்து அயோடினை ஈர்த்து, பெராக்சிடேஸ் என்னும் நொதியின் துணையால் தன் ஹார்மோனை ஆக்குகிறது. அந்நொதியைத் தடுக்கும் பொருள் உடலிற் புகுமாயின் ஹார்மோன் குறைகிறது. குறைவை உணர்ந்த பிட்யூட்டரி, தைராய்டைத் தூண்டும் டி.எஸ்.ஹெச். ஹார்மோனை மிகுதியாகச் சுரக்கிறது. இடைவிடாத தூண்டுதலால் சுரப்பியின் திசு பெருகுகிறது. மான்கோசெப் என்னும் பூஞ்சணக்கொல்லி சிதையும்போது தோன்றுவதும், செயற்கை ரப்பரைப் பதப்படுத்தும் தொழிலில் பயன்பட்டதுமான எத்திலீன் தையோயூரியா, இவ்வழியாகவே எலிகளின் தைராய்டில் கட்டிகளை விளைத்தது.

எலியில் விளைந்தது மனிதரில் விளையுமா என்பது வேறு கேள்வி. இங்கிலாந்தின் பர்மிங்ஹாம் வட்டாரத்து ரப்பர்த் தொழிலாளரிடையே 1970களில் நடந்த ஆய்வில் ஒரு தைராய்டுப் புற்றுநோயும் காணப்படவில்லை. எலியின் சுரப்பி மனிதரதைவிட எளிதிற் கலங்கும் இயல்புடையது என்ற காரணமும் சேர்ந்து, சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் 2001இல் அப்பொருளை, மனிதருக்குப் புற்று விளைப்பதாக வகைப்படுத்த இயலாதவற்றுள் வைத்தது. ஆனால் மெக்சிகோவில் முதுகுப் பம்பால் இவ்வகை மருந்தை அடித்தவரிடம் டி.எஸ்.ஹெச். அளவு உயர்ந்திருந்ததை 1997இல் வெளிவந்த ஆய்வு காட்டியது. நோய் நிரூபணமாகவில்லை, நோய்க்குப் போகும் பாதையின் முதற்படி மட்டும் மனித உடலிலேயே காணக்கிடைத்தது.

4. சான்றுகளின் வலிமை

அமெரிக்காவின் அயோவா, வட கரோலினா மாநிலங்களில் மருந்தடிக்கும் உழவர்களின் மனைவியர் சுமார் 30,000 பேரைத் தொடர்ந்து கவனித்த ஆய்வு, மாலத்தியான் கையாண்ட பெண்களிடம் தைராய்டுப் புற்றுநோய் ஏறக்குறைய இருமடங்காகக் காணப்பட்டதென்று 2015இல் தெரிவித்தது. டிங்கிக் கொசுவை ஒழிக்க மலேசியச் சுகாதார அதிகாரிகள் அடித்த புகையில் நெடுங்காலம் கலந்திருந்த மருந்தும் இதுவே. கனெக்டிகட் மாநிலத்தில் 462 நோயாளிகளையும் நோயற்ற 498 பேரையும் ஒப்பிட்ட யேல் பல்கலைக்கழக ஆய்வு, வேலைத்தலத்தில் கிருமிநாசினிகளோடு பழகியவரிடம் அபாயம் கூடியிருக்கக் கண்டது. ஆயினும் அத்தொடர்பு ஆண்களிடம் வலுவாகவும் பெண்களிடம் மெலிந்தும் தோன்றிற்று. வீட்டுத் தூசியில் தீத்தடுப்புப் பொருள்களை அளந்த டியூக் பல்கலைக்கழகத்தார், 140 பேரே அடங்கிய சிறிய ஆய்வில், அப்பொருள்களுள் ஒன்றான டெக்கா புரோமோ டைஃபீனைல் ஈதர் மிகுந்த வீடுகளுக்கும் நோய்க்கும் தொடர்பு கண்டு 2017இல் அறிவித்தனர்.

இவற்றைக் கோத்து நோக்கும்போது தோட்டத்துத் தமிழ்ப் பெண்ணின் வாழ்க்கைப் படிகள் பலவும் இவ்வாய்வுகளில் ஒன்றையேனும் தொடுவது புலனாகும். தோட்டத்தில் மருந்தடித்தவள், தோட்டம் துண்டாடப்பட்ட பின் பட்டணத்துக்குப் பெயர்ந்து, மருத்துவமனையிலோ பள்ளியிலோ கிருமிநாசினியால் தரை துடைப்பவளாகிறாள். 1970களில் மலாக்காவின் பத்து பெரண்டாமில் எழுந்த, தீத்தடுப்புப் பொருள்கள் புழங்கக்கூடிய மின்னணுத் தொழிற்சாலைகளுக்கு அவள் மகள் வேலைக்குப் போகிறாள். அடுக்குமாடி வீட்டிலோ கொசுவத்திச் சுருள் இரவெல்லாம் எரிகிறது. சீனத்து, மலேசியத்துச் சுருள்களைச் சோதித்த 2003ஆம் ஆண்டு ஆய்வு, ஒரு சுருள் வெளியிடும் நுண்துகள் 75 முதல் 137 சிகரெட்டுகளுக்கு நிகரென்று கணக்கிட்டது. எனினும் அது நுரையீரலுக்குச் சொன்ன சான்றேயன்றித் தைராய்டுக்குச் சொன்னதன்று. ஒரு நஞ்சின் கெடுதியை மற்றோர் உறுப்பின் கணக்கில் எழுதுவது ஆராய்ச்சி முறையாகாது.

5. மறுதலைகள்

நோய் பெருகிவருவதே இரசாயனங்களின் குற்றத்துக்குச் சான்று என்பாருக்குத் தென்கொரியாவின் சரித்திரம் தக்க விடையாகும். அங்கே 1999இல் அரசு தொடங்கிய புற்றுநோய்ப் பரிசோதனைத் திட்டத்தோடு, கழுத்தை ஸ்கேன் செய்து பார்க்கும் வழக்கமும் பரவியதால், 2011இல் கண்டறியப்பட்ட தைராய்டுப் புற்றுநோய் 1993இல் இருந்ததைப்போல் 15 மடங்காயிற்று. இறப்பு விகிதமோ அசையவில்லை. வாழ்நாள் முழுதும் தீங்கு செய்யாதிருக்கக்கூடிய சிறு கட்டிகளே பெரும்பாலும் வெளிவந்தன.

இம்மறுதலை மலாக்காவில் தலைகீழாகவும் வேலை செய்யும். மருத்துவக் காப்புறுதி அட்டையோடு தனியார் மருத்துவமனைக்குச் செல்லும் பட்டணத்துப் பெண்ணின் சிறு கட்டியும் கணக்கில் ஏறும். தொண்டையில் வீக்கம் வெளிப்படையாகத் தெரிந்த பின்னரே அரசாங்கக் கிளினிக்குக்குப் போகும் தோட்டத்துப் பெண்ணின் கட்டி ஏறாது. ஆதலின் தோட்டத்தில் நோய் குறைவென்று ஒரு பட்டியல் காட்டுமாயின், அது நஞ்சின்மையைக் காட்டுவதாகாமல் ஸ்கேன் இன்மையைக் காட்டுவதாகவும் இருக்கலாம். இருபது ஆண்டு மருந்தடித்து ஓய்ந்தவள் நோயாளியாக வரும்போது தொழில் என்ற கட்டத்தில் 'சூரி ரூமா', அதாவது இல்லத்தரசி, என்ற இரண்டு சொற்கள் மட்டும் எழுதப்படுமாயின், ஆராய்ச்சியாளன் தேடும் காரணம் பதிவேட்டின் வாசலிலேயே தொலைந்துபோகும்.

6. செய்யத்தக்கவை

காரணம் நிரூபணமாகவில்லை என்பது கைகட்டி நிற்பதற்கு நியாயமாகாது. ஐயம் இருக்கிறது என்பது பீதியைக் கிளப்புவதற்கும் நியாயமாகாது. அறிகுறியற்ற பெண்கள் அனைவருக்கும் கழுத்து ஸ்கேன் செய்யவேண்டுமென்ற கோரிக்கையை நாம் ஏற்பதற்கில்லை. அத்தகைய பொதுப் பரிசோதனை கூடாதென்று அமெரிக்க நோய்த்தடுப்புப் பணிக்குழு 2017இல் அறிவுறுத்தியதற்கு, வேண்டாத அறுவையும் வாழ்நாள் மாத்திரையுமே காரணமாயின. கழுத்தில் கட்டியோ நீங்காத குரல் கம்மலோ கண்டவள் தாமதமின்றி மருத்துவரை நாடுதல் போதும்.

வேண்டுவன மூன்று. முதலாவது, புற்றுநோய்ப் பதிவேட்டில் நோயாளியின் இப்போதைய தொழிலோடு, அவள் குடியிருந்த தோட்டங்களும் அங்கே செய்த வேலைகளும் ஆண்டு வரிசையில் பதியப்படுதல். இரண்டாவது, இரசாயன அபாயத்தை முதலாளிகள் மதிப்பிட வேண்டுமென்று விதிக்கும் 2000ஆம் ஆண்டு ஒழுங்குமுறைகளின் உணர்வை விரித்து, மான்கோசெப் முதலியன அடிப்போருக்கு ஆண்டுதோறும் டி.எஸ்.ஹெச். பரிசோதனை நடத்துதல். மூன்றாவது, குளிப்பதற்கும் சட்டை துவைப்பதற்கும் மருந்துக் கிடங்கின் அருகிலேயே தோட்ட நிர்வாகம் வசதி செய்து, காலி டின்களைத் துளையிட்டு அழித்தல். இவற்றுள் மூன்றாவதற்கு எந்த ஆய்வின் முடிவுக்கும் காத்திருக்க வேண்டியதில்லை; தைராய்டைப் பற்றிய ஐயம் நாளை பொய்த்துப் போனாலும், தோலுக்கும் நுரையீரலுக்கும் அதனால் விளையும் நன்மை பொய்க்காது. முதலிரண்டும் நடந்தேறினால்தான், இரசாயனம் குற்றவாளியா அன்றா என்ற வழக்கில், வேற்று நாட்டு உழவர் மனைவியரின் சாட்சியத்தை இரவல் பெறாமல், மலாக்காத் தமிழ்ப் பெண்களின் சாட்சியத்தைக் கொண்டே தீர்ப்பெழுத இயலும்.