வடவேங்கட எல்லையில் இல்லக் கொள்கலன்களும் நெகிழிக் குறைப்பும்: ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

ஒரு வீட்டின் அன்றாட வாழ்வை அறிய விரும்புவோர் அங்கு உண்ணப்படும் உணவையும் உடுக்கப்படும் உடையையும் நோக்குவதுடன், அப்பொருள்கள் எவ்வகைக் கலங்களில் வீடு வந்து சேர்ந்தன என்பதையும் நோக்குதல் வேண்டும். மட்கலம், ஓலைப்பெட்டி, துணிப்பை, செம்பு, இலை ஆகியன நெடுங்காலம் ஆற்றிவந்த பணியை ஏறத்தாழ இரண்டு தலைமுறைக் காலத்திற்குள் பிளாஸ்டிக் எனப்படும் நெகிழி ஏற்றுக்கொண்டது. இன்று அதன் பயன்பாட்டைக் குறைக்க வேண்டும் என்னும் கருத்து அரசாணைகளாகவும் விழிப்புணர்வு இயக்கங்களாகவும் வெளிப்படுகின்றது. ஆயினும் இவ்வாணைகள் பெரும்பாலும் பொருளின் தன்மையையே கருதுகின்றன. வீட்டாரின் பழக்கத்தைக் கருதுவது குறைவு. தொண்டைமண்டலத்தின் வடபகுதியாகிய திருப்பதி, சத்தியவேடு, ஸ்ரீ சிட்டி வட்டாரத்தை மையமாகக் கொண்டு, இல்லக் கொள்கலன்களின் வரலாற்றையும் நெகிழிக் குறைப்பு முயற்சிகளையும் ஒருங்கே வைத்து ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஆய்வுக் களம்

தமிழகத்தின் வடஎல்லையாக வேங்கடத்தைத் தொல்காப்பியச் சிறப்புப்பாயிரம் குறிப்பிடுகின்றது. அம்மலையைச் சூழ்ந்த நிலப்பகுதி சென்னை மாகாணத்தில் 1911-இல் உருவாக்கப்பட்ட சித்தூர் மாவட்டத்தில் அடங்கியது. ஆந்திர மாநிலம் 1953-இல் அமைந்தபின் எழுந்த எல்லைச் சிக்கலின் விளைவாக, 1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணிப் பகுதி சென்னை மாநிலத்தைச் சேர்ந்தது. பொன்னேரி, திருவள்ளூர் வட்டங்களைச் சேர்ந்த சத்தியவேடு பகுதி ஊர்கள் சித்தூர் மாவட்டத்திற்குச் சென்றன. இவ்வூர்களை ஒட்டியே 2008-இல் ஸ்ரீ சிட்டி என்னும் தொழில் நகரம் தோன்றியது. 2022 ஏப்ரல் 4 அன்று திருப்பதி தனி மாவட்டமாயிற்று.

ஆட்சி எல்லைகள் இவ்வாறு மாறினும் இல்லப் புழக்கம் இருமொழியாளர்க்கும் பொதுவாகவே இருந்துவந்துள்ளது. தமிழில் செம்பு எனப்படுவது தெலுங்கிலும் செம்புவே. தமிழ்க் கோணி தெலுங்கில் கோனெ என வழங்குகின்றது. கலங்களின் பெயர் ஒற்றுமை, அவற்றைக் கையாண்ட முறையின் ஒற்றுமையையும் உணர்த்துவதாகக் கொள்ளலாம். கலங்கள் கைவிடப்பட்டதன் விளைவும் இருவர்க்கும் பொதுவானதே. ஆந்திரப் பகுதியில் தோன்றும் ஆரணியாறு பிச்சாட்டூர் வழியாகத் தமிழகத்திற்குள் நுழைந்து பழவேற்காட்டினருகே கடலை அடைகின்றது. அதன் கரையில் எறியப்படும் நெகிழிக்கு மாநில எல்லை இல்லை.

சங்க இலக்கியத்தில் கலமும் பண்டமாற்றும்

கொள்கலன் பழக்கத்தின் தொன்மையை அறியச் சங்க இலக்கியம் துணைநிற்கின்றது. ஐங்குறுநூற்றின் மருதப் பகுதியில் ஓரம்போகியார் பாடிய 47, 48-ஆம் பாடல்கள் இவ்வகையில் கருதத்தக்கன. பாண்மகள் வட்டி என்னும் கூடையில் மீன் கொண்டுவந்து சொரிகின்றாள். மனையோள் அதே வட்டியில் ஒரு பாடலில் பயற்றையும் மற்றொன்றில் பழைய வெண்ணெல்லையும் நிறைத்துத் தருகின்றாள். மீனை ஏந்தி வந்த கூடை தானியத்தை ஏந்தித் திரும்புகின்றது. பண்டமாற்றுக்குச் சான்றாகக் காட்டப்பெறும் இப்பாடல்கள் கொள்கலன் வரலாற்றுக்கும் சான்றாகின்றன.

காஞ்சியை ஆண்ட தொண்டைமான் இளந்திரையனைப் பாட்டுடைத் தலைவனாகக் கொண்ட பெரும்பாணாற்றுப்படையில் கடியலூர் உருத்திரங்கண்ணனார் ஆய்மகள் ஒருத்தியைக் காட்டுகின்றார். அவள் மோர்க் குழிசியைச் சும்மாட்டின்மீது ஏற்றிச் சென்று, மோரை மாற்றிப் பெற்ற உணவுப் பொருளால் சுற்றத்தை உண்பிக்கின்றாள். குழிசி அவளுடையது, மோர் மட்டுமே கைமாறுகின்றது.

இச்சான்றுகளிலிருந்து மூன்று இயல்புகள் பெறப்படுகின்றன. கலம் உரிமையாளர் உடையது. கொடுக்கப்படுவது அதனுள் இருக்கும் பொருளே. கலம் சென்ற வழியே மீள்கின்றது. அது சிதைந்த பின்னரும் நிலத்திற்குச் சுமையாவதில்லை. இம்மூன்றனுள் இறுதி இயல்பையே இன்றைய சுற்றுச்சூழல் உரைகள் பெரிதும் பேசுகின்றன. முதலிரண்டும் உரிய கவனம் பெறவில்லை.

அளவை விற்பவருடையது; கலம் வாங்குபவருடையது

பிற்காலத்திலும் இம்முறை தொடர்ந்தது. திருமலைக் கோயிலின் கல்வெட்டுகளுள் மிகப் பலவும் தமிழில் அமைந்தவை. அவை திருவமுதுக்கு வேண்டிய அரிசி, நெய், பயறு முதலியவற்றை மரக்கால், நாழி, உழக்கு ஆகிய அளவைகளால் துல்லியமாக வரையறுக்கின்றன. கோயிலும் கடையும் அளவையைக் காத்தன. கொள்கலத்தைப் பெறுபவர் கொண்டுவந்தார்.

இருபதாம் நூற்றாண்டின் இடைப்பகுதி வரையிலும் வீட்டுப் புழக்கம் இவ்வாறே அமைந்திருந்தது. எண்ணெய்க்குத் தூக்கும் புட்டியும், பாலுக்குச் செம்பும், தானியத்திற்குக் கோணியும், காய்கறிக்குத் துணிப்பையும் வீட்டிலிருந்தே சென்றன. மளிகைப் பொருள் தாளில் பொட்டலமாகிச் சணல் நூலால் கட்டப்பட்டது. அந்நூலும் வீட்டில் சுற்றி வைக்கப்பட்டது. பூவும் இறைச்சியும் இலையில் மடிக்கப்பட்டன. விருந்துக்கு வாழையிலையும், வறண்ட பகுதிகளில் மந்தாரை முதலிய இலைகளைக் கோத்த தையல் இலையும் பயன்பட்டன. பழவேற்காட்டுப் பெண்களின் பனையோலைப் பின்னல், நகரி வட்டாரத்து நெசவு ஆகிய தொழில்கள் இவ்வட்டாரத்தில் ஓலைக்கும் துணிக்கும் இருந்த இடத்தை இன்றும் நினைவூட்டுகின்றன.

நெகிழியின் வருகையும் பொறுப்பின் இடமாற்றமும்

1907-இல் லியோ பேக்லண்டு உருவாக்கிய பேக்கலைட்டு முழுதும் செயற்கையான முதல் நெகிழியாகும். 1933-இல் இங்கிலாந்தில் பாலித்தீன் கண்டறியப்பட்டது. கைப்பிடியுடன் கூடிய நெகிழிப் பைக்கு, சுவீடனைச் சேர்ந்த ஸ்டென் குஸ்தாஃப் துலின் வடிவமைத்த முறையில், 1965-இல் அமெரிக்கக் காப்புரிமை வழங்கப்பட்டது. எடை குறைவு, நீர் புகாமை, மலிவு என்னும் பண்புகளால் அப்பை உலகெங்கும் பரவியது.

இந்தியாவில் 1977-இல் வந்த பொதியப்பட்ட பண்டங்களுக்கான விதிகள், உறையின்மீது அளவும் விலையும் அச்சிடப்பட வேண்டுமென வரையறுத்தன. இதனால் நுகர்வோர் பாதுகாப்புப் பெற்றனர் என்பது மறுக்கவியலாதது. அதே வேளையில் அளத்தல் என்னும் செயல் கடையிலிருந்து ஆலைக்கு நகர்ந்தது. கடலூரைச் சேர்ந்த சின்னிகிருஷ்ணன் முன்னோடியாக நின்று பரப்பிய சிறு பாக்கெட்டு முறை, முழுப் புட்டி வாங்க இயலாத ஏழை வீட்டிற்கும் ஷாம்பு முதலியவற்றைக் கொண்டுசேர்த்தது. ஸ்ரீ சிட்டியில் பற்பசை, சாக்லேட், சிற்றுண்டி முதலியவற்றை உறையிட்டு அனுப்பும் ஆலைகள் இயங்குவதை நோக்கும்போது, அளவையும் கலமும் ஆலைக்குள் ஒன்றிணைந்துவிட்டமை தெளிவாகின்றது.

இம்மாற்றத்தின் உட்பொருள் ஒரு பொருள் போய் மற்றொரு பொருள் வந்தது என்பதோடு நிற்பதன்று. கலத்தைக் கொணரும் பொறுப்பு வாங்குபவரிடமிருந்து விற்பவரிடம் சென்றது. கலத்தைத் திரும்பப் பெறும் பொறுப்போ எவரிடமும் சேரவில்லை. உள்ளிருக்கும் பொருள் வீட்டில் தங்கியது. உறை தெருவிற்கு வந்தது.

தெருவிற்கு வந்த உறையைக் கால்நடைகள் உண்டன. ஆந்திரப் பிரதேசத்தின் புட்டபர்த்தியைச் சேர்ந்த கருணா சொசைட்டி என்னும் விலங்குநல அமைப்பு, மாடுகளின் இரைப்பையில் நெகிழி சேர்வதைச் சுட்டிக்காட்டி 2012-இல் உச்ச நீதிமன்றத்தை அணுகியது. குழிசி சுமந்த ஆய்மகளின் காலத்தில் கலம் பசுவின் பயனை ஏந்தியது; இன்று கலமே பசுவின் வயிற்றை அடைகின்றது.

சட்டமும் மைக்ரான் கணக்கும்

நெகிழிப் பைகளைக் குறித்த நடுவண் அரசின் 1999-ஆம் ஆண்டு விதிகள் புது நெகிழிப் பையின் குறைந்த அளவுத் தடிமனை 20 மைக்ரான் என வரையறுத்தன. அவ்வளவு 2011-இல் 40 ஆகவும், 2016-இல் 50 ஆகவும், 2021 செப்டம்பர் 30 முதல் 75 ஆகவும், 2022 டிசம்பர் 31 முதல் 120 ஆகவும் உயர்ந்தது. மெல்லிய பையைச் சேகரித்து மறுசுழற்சி செய்தல் அரிது என்பதே இதன் அடிப்படை. உறிஞ்சுகுழல், தட்டு, குவளை முதலிய ஒருமுறைப் பயன்பாட்டுப் பொருள்கள் சில 2022 ஜூலை 1 முதல் நாடெங்கும் தடைசெய்யப்பட்டன.

இவ்விதிகளுள் பழக்கத்தை நேரே தொட்டவை மிகச் சிலவே. கடைக்காரர் பையை இலவசமாகத் தரலாகாது என 2011 விதிகள் கூறின. பை தரும் கடைகள் உள்ளாட்சி அமைப்பில் பதிவுசெய்து கட்டணம் செலுத்த வேண்டும் என 2016 விதிகள் கூறின. அவ்விதி 2018-இல் நீக்கப்பட்டது. அயர்லாந்து 2002-இல் ஒரு பைக்கு 15 சென்ட் வரி விதித்தபோது, ஆண்டுக்கு ஒருவர்க்கு 328 என மதிப்பிடப்பட்ட பை நுகர்வு 21 ஆகக் குறைந்தது. தடிமனை உயர்த்துவது பையின் இயல்பை மாற்றுகின்றது. விலை வைப்பதோ வீட்டை விட்டுப் புறப்படும்போது பையை எடுக்க நினைவூட்டுகின்றது. இவ்வேறுபாடு நோக்கத்தக்கது.

திருமலையும் மஞ்சப்பையும்

ஆய்வுக் களத்திற்குள்ளேயே பழக்கத்தை மாற்ற முயன்ற சான்று திருமலையில் கிடைக்கின்றது. 2009-இல் புவிசார் குறியீடு பெற்ற திருப்பதி லட்டு நெடுநாள் நெகிழிப் பையிலேயே அடியார்களின் வீடுகளை அடைந்தது. பின்னர்ச் சணல் பைகளும், 2021 ஆகஸ்டில் இந்தியப் பாதுகாப்பு ஆராய்ச்சி மற்றும் மேம்பாட்டு நிறுவனத்தின் துணையால் மட்கும் பைகளும் அறிமுகமாயின. 2022 ஜூன் 1 முதல் திருமலையில் நெகிழி முற்றிலும் தடைசெய்யப்பட்டது. குடிநீருக்குக் கண்ணாடிப் புட்டிகள் வந்தன. வெறும் புட்டியைத் திருப்பித் தருவோர் வைப்புத்தொகையை மீளப் பெறலாம். மட்கும் பை பொருளை மட்டுமே மாற்றுகின்றது. கண்ணாடிப் புட்டியோ வட்டியின் பண்பைப் பெற்றுள்ளது, அது மீள்கின்றது.

தமிழகத்தில் 14 வகை ஒருமுறைப் பயன்பாட்டு நெகிழிப் பொருள்களுக்கு 2019 ஜனவரி 1 முதல் தடை நடைமுறைக்கு வந்தது. 2018-இல் அறிவிக்கப்பட்டபோது பால், தயிர், எண்ணெய், மருந்து ஆகியவற்றின் உறைகளுக்கு விலக்கு அளிக்கப்பட்டது. முன்பு வீட்டுக் கலத்தில் வந்த பாலும் எண்ணெயும் இன்று உறையின்றி வர இயலாதனவாகிவிட்டன என்பதற்கு இவ்விலக்கே சான்று. 2021 டிசம்பர் 23 அன்று ‘மீண்டும் மஞ்சப்பை’ இயக்கம் தொடங்கப்பெற்றது. துணிக்கடையும் திருமண வீடும் தந்த மஞ்சள் நிறத் துணிப்பை இடைக்காலத்தில் நாட்டுப்புறத்தானைக் குறிக்கும் ஏளனச் சொல்லாயிற்று. ஒரு பொருள் வழக்கொழிவதற்கு முன் அதன் பெயர் மதிப்பிழக்கின்றது என்பதற்கு இச்சொல் எடுத்துக்காட்டு. பையை மீட்க முனைந்த இயக்கம் முதலில் சொல்லை மீட்டது எனலாம்.

மீட்பில் கருத வேண்டுவன

பழைய முறை குறையற்றதன்று. தேநீர்க் கடைகளில் நிலவிய இரட்டைக் குவளை முறை, கலமே சாதி வேற்றுமையின் கருவியாகியதைக் காட்டுகின்றது. ஒருமுறைக் குவளை சில கடைகளில் அவ்வேற்றுமையை மறைத்தது. வேறு சிலவற்றில் ஒடுக்கப்பட்டோர்க்கு மட்டும் அது தரப்பட்டமையால் வேற்றுமை புதுவடிவில் தொடர்ந்தது. எனவே கழுவிப் பயன்படுத்தும் கலம் மீளும்போது அது அனைவர்க்கும் பொதுக் கலமாக மீளுதல் வேண்டும்.

கலத்தைத் துலக்குதலும் பையைத் துவைத்தலும் பெரும்பாலும் பெண்கள்மீதே விழுந்தன என்பதும் மறக்கத்தக்கதன்று. மோர்க் குழிசியைச் சுமந்தவளும் வட்டியை ஏந்தியவளும் பெண்களே. நெகிழிப் பை வேலைக்குச் செல்லும் பெண்ணின் சுமையை ஓரளவு குறைத்தது. அச்சுமை மீண்டும் அவரிடமே சேருமாயின் பழக்கம் நிலைபெறாது. வீட்டிலுள்ளோர் அனைவரும் பகிர்ந்துகொள்ளும் பணியாக அது அமைய வேண்டும்.

முடிவுரை

இவ்வாய்வின்வழிப் பெறப்படும் முடிவுகளாவன:

1. தொண்டைமண்டல இல்லங்களில் கொள்கலன் சங்க காலந்தொட்டுப் பொருளினின்று வேறான, சென்று மீளும் உடைமையாக இருந்துள்ளது.

2. நெகிழியின் வருகை பொருள் மாற்றம் மட்டுமன்று. கலத்தைக் கொணர்ந்து மீட்கும் பொறுப்பின் இடமாற்றமும் ஆகும்.

3. மைக்ரான் அளவை உயர்த்தும் சட்டங்கள் உற்பத்தியை ஒழுங்குபடுத்துகின்றன. இல்லப் பழக்கத்தை மாற்ற, பைக்கு விலை வைத்தலும் கலத்திற்கு வைப்புத்தொகை பெறுதலும் போன்ற முறைகள் வேண்டப்படுகின்றன.

4. அன்றாட வீட்டு நடைமுறையில் துணிப்பையோடு அமையாது, எண்ணெய், இறைச்சி, மாவு, சமைத்த உணவு ஆகியவற்றிற்கும் வீட்டுக் கலம் எடுத்துச் செல்லும் வழக்கம் மீளுதல் வேண்டும். அதனை ஏற்று அளந்து தரும் கடைகளும் பெருகுதல் வேண்டும்.

5. இம்மீட்பு பழைய வேற்றுமைகளையும் பெண்களின் தனிச்சுமையையும் உடன் கொண்டுவராதிருத்தல் இன்றியமையாதது.

மீனைச் சொரிந்த வட்டி வெறுங்கூடையாகத் திரும்பவில்லை, நெல்லோடு திரும்பியது. வீட்டிலிருந்து புறப்படும் கலம் வீட்டிற்கே மீளும் அவ்வொழுங்கே நெகிழிக் குறைப்பிற்கு அடிப்படையாக அமையத்தக்கது.