சீஃப் மையர்ஸ் விட்டுக்கொடுத்த விசில்

பள்ளிக்கூடத்தில் பி.டி. மாஸ்டராக இருந்து ரிடையர் ஆனவன் நான். தோற்கிற டீமை எவன் தலையிலாவது கட்டிவிட்டு ஒதுங்கிய மாஸ்டர்களைப் பார்த்திருக்கிறேன். தானே பொறுக்கிச் சேர்த்த பையன்கள் ஜெயிக்கப் போகிற நேரத்தில், “இனி நீங்கள் பாருங்கள்” என்று விசிலைக் கழற்றி இன்னொருவரிடம் கொடுத்தவரைப் பார்த்ததில்லை. அதனால்தான் அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்துச் சென்டர் கல்லூரிக் கதையில், பேர் வாங்கிய கோச் சார்லி மோரனைவிட ராபர்ட் மையர்ஸ்தான் எனக்குப் பெரிய ஆளாகத் தெரிகிறார். எல்லாரும் அவரை ‘சீஃப்’ என்றே கூப்பிட்டார்கள்.

கல்லூரி இருப்பது டேன்வில் என்கிற சிற்றூரில். மயக்க மருந்தே இல்லாத 1809-இல் டாக்டர் எஃப்ரெய்ம் மெக்டவல் ஒரு பெண்ணின் வயிற்றை அறுத்துப் பெரிய கட்டியை வெளியே எடுத்து, அவளைப் பிழைக்கவும் வைத்தது இந்த ஊரில்தான். பத்து வருஷம் கழித்து, 1819-இல் கல்லூரி வந்தது. நான் சொல்லும் காலத்தில் மாணவர்கள் முந்நூறு பேர்கூட இல்லை.

அவர்கள் கால்பந்து என்பது நம் ஆட்டம் அல்ல. நீள்உருண்டைப் பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு, மேலே விழுந்து அமுக்க வருகிறவர்களைத் தாண்டி எதிரணியின் கோடுவரை ஓட வேண்டும். 1916-இல் இந்த ஆட்டத்தில் கென்டக்கி பல்கலைக்கழகம் சென்டரை 68–0 என்று நொறுக்கியது.

மையர்ஸ் சென்டரின் பழைய மாணவர். டெக்சாஸில் ஃபோர்ட் வொர்த் நகரத்து நார்த் சைடு உயர்நிலைப் பள்ளியில் கோச்சாக இருந்தபோது அவர் கையில் சில முரட்டுப் பையன்கள் அகப்பட்டார்கள்: போ மெக்மிலின், ரெட் வீவர், மேட்டி பெல். அவர்களைத் தன் கல்லூரியில் சேர்க்க ஆசைப்பட்டார். மெக்மிலினுக்கும் வீவருக்கும் பள்ளிப் படிப்பில் பாக்கி இருந்தது. அதை முடிக்க இருவரும் முதலில் கென்டக்கியிலேயே சாமர்செட் என்ற ஊரின் பள்ளியில் போய் உட்கார்ந்தார்கள். ஒருவழியாக 1917-இல் கூட்டம் டேன்வில்லில் சேர்ந்தது, மையர்ஸே கோச்.

அந்தச் சமயம் மோரன் அங்கே வந்தார். அவர் மகன் டாம் இதே டீமில் ஆடிக்கொண்டிருந்தான். அவனைப் பார்க்கத்தான் வந்தார். டெக்சாஸ் ஏ அண்ட் எம் கல்லூரியை 1909 முதல் 1914 வரை பழக்கியவர், பேஸ்பாலும் ஆடியவர். இந்தப் பையன்களை உருவாக்க இவரைப் போன்ற ஆள் வேண்டும், தன் சரக்கு போதாது என்று மையர்ஸுக்குப் புரிந்துவிட்டது. டீமை மோரனிடம் ஒப்படைத்துவிட்டு, தான் நிர்வாகத்தைப் பார்த்துக்கொண்டார். மோரனுக்கும் வசதிதான். அடுத்த வருஷத்திலிருந்து அவர் பேஸ்பால் நேஷனல் லீக்கில் அம்பயர். அந்த ஆட்டம் கோடையோடு அடங்கும். இந்த ஆட்டம் இலையுதிர்காலத்தில் சூடுபிடிக்கும். வயிற்றுப்பாட்டுக்கு அது, ஆசைக்கு இது.

அதே 1917-இல் மறுபடியும் கென்டக்கி. இந்த முறை இரண்டு பக்கமும் கோட்டைத் தாண்ட முடியவில்லை. மெக்மிலின் டிராப் கிக் அடித்தார். பந்தைக் கையிலிருந்து தரையில் விட்டு, அது எழும்பும் அந்தக் கணத்திலேயே காலால் உதைத்துக் கம்பங்களுக்கு நடுவே அனுப்ப வேண்டும். கூர்முனைப் பந்து தரையில் பட்டால் எந்தப் பக்கம் துள்ளும் என்று சொல்ல முடியாது. கண் பந்தை விட்டு அரை நொடி நகர்ந்தாலும் உதை வீண். அது உள்ளே போனது. 3–0. அறுபத்தெட்டு வாங்கிய இடத்தில் மூன்று போதுமானதாக இருந்தது.

1919-இல் ஆடிய ஒன்பதிலும் வெற்றி. மேட்சுக்கு முன்னால் முழந்தாளிட்டு ஜெபம் செய்ததால் பத்திரிகைகள் ‘ஜெபிக்கும் கர்னல்கள்’ என்று பட்டம் கட்டின. அடுத்த வருஷம் ஹார்வர்டே அழைத்தது. அரைநேரத்தில் 14–14, கடைசியில் 31–14 என்று தோல்வி. சின்னக் கல்லூரிக்கு அதுவே மரியாதை என்று ஊரில் பேசியிருப்பார்கள். பையன்கள் அப்படி நினைக்கவில்லை.

1921 அக்டோபர் 29. வருஷக்கணக்கில் தோல்வியே அறியாத ஹார்வர்டு, அதன் சொந்த மைதானத்தில். ஆட்டத்தின் மூன்றாவது கால்பகுதியில் மெக்மிலின் பந்தோடு 32 கெஜம் ஓடி, ஆட்களை வெட்டி வெட்டித் தாண்டிக் கோட்டைத் தொட்டார். முழு மேட்சிலும் விழுந்த புள்ளிகள் அவ்வளவுதான்: 6–0. டேன்வில் சுவர்களிலெல்லாம் ‘சி6எச்0’ என்று பெயிண்டில் எழுதினார்கள். சென்டர் ஆறு, ஹார்வர்டு பூஜ்யம். எங்கள் பள்ளிக் கெமிஸ்ட்ரி சார் பார்த்திருந்தால் சிவப்பு மையால் அடித்திருப்பார்.

மோரனைப் பற்றி எழுதுகிறவர்கள் இங்கே நிறுத்திக்கொள்வார்கள். நிற்க வேண்டியதில்லை. 1922 ஜனவரி 2 அன்று டல்லஸில் இன்னொரு மேட்ச் இருந்தது. எதிரில் டெக்சாஸ் ஏ அண்ட் எம். மோரன் முன்னால் பழக்கிய அதே கல்லூரி. மெக்மிலினுக்கு அன்று காலையில்தான் கல்யாணம். மாப்பிள்ளை மைதானத்துக்கு வந்து ஆடினார். சென்டர் 22–14 என்று தோற்றது.