சொல் மீட்புச் சிகிச்சை

பக்கவாதம், தலைக்காயம், மூளைக்கட்டி ஆகியவற்றால் மூளையின் மொழிப்பகுதி பழுதுபடும்போது உண்டாவது அஃபேசியா எனும் பேச்சிழப்பு. பெரும்பாலோருக்கு இப்பகுதி இடப்பக்க மூளையில் உள்ளது. பேச்சிழப்பு எவ்வகையாயினும், வேண்டிய சொல் வேண்டிய நேரத்தில் வாய்க்கு வராமை ஏறக்குறைய அனைவரிடமும் காணப்படும் குறை. அதைப் போக்க அளிக்கும் பயிற்சியே சொல் மீட்புச் சிகிச்சை.

குறையின் வகைகள்

ஒன்றைக் கண்டு பெயர் சொல்வதில் பொருளை அறிதல், சொல்லின் ஒலிவடிவை எடுத்தல், உச்சரித்தல் என மூன்று படிகள் உள்ளன. பழுது எங்கே என்பதற்கு நோயாளியின் பிழைகள் துப்புத் தரும். சாவியைப் பார்த்துப் ‘பூட்டு’ என்பது பொருட்பிழை; ‘தாவி’ என்பது ஒலிப்பிழை. ‘கதவைத் திறப்போமே, அது’ என்று சுற்றி வளைப்பவருக்குப் பொருள் தெரிகிறது, ஒலிவடிவு கிட்டவில்லை. முதல் எழுத்தை எடுத்துக்கொடுத்தால் இத்தகையோர் பலர் சொல்லிவிடுவர்.

வரலாறு

1861இல் பாரிசில் பால் புரோக்கா, ‘டான்’ என்ற அசையை மட்டுமே திரும்பத் திரும்பச் சொன்ன நோயாளியின் மூளையை ஆராய்ந்து, பேச்சுக்குரிய இடத்தைச் சுட்டினார். 1874இல் ஜெர்மானியரான கார்ல் வெர்னிக்கே, சரளமாகப் பேசியும் பொருள் விளங்காத மற்றொரு வகையை விவரித்தார். பயிற்சியால் பேச்சை மீட்பது பற்றி அமெரிக்க மருத்துவர் சார்லஸ் மில்ஸ் 1904இல் எழுதினார். இரண்டாம் உலகப் போரில் தலையில் குண்டடிபட்ட வீரர்களுக்குச் சிகிச்சையளித்த சோவியத் அறிஞர் அலெக்சாண்டர் லூரியா, பழுதான செயலை மூளையின் பிற பகுதிகளைக் கொண்டு மறுசீரமைக்கலாம் என்றார். அமெரிக்காவின் ஹில்ட்ரெட் ஷுவெல், சொற்கள் அழிவதில்லை, அவற்றை எட்டும் வழியே அடைபடுகிறது என்று கருதி, சொற்களை மீண்டும் மீண்டும் கேட்கச் செய்யும் முறையை வகுத்தார். இன்றைய சிகிச்சைகள் சிலவற்றில் இக்கருத்தின் தாக்கம் உண்டு.

பொருள்வழியும் ஒலிவழியும்

1985இல் பிரிட்டனில் டேவிட் ஹோவர்ட், கேரலின் பேட்டர்சன் முதலியோர் 12 பேரிடம் இரு முறைகளை ஒப்பிட்டனர். சொல்லுக்கேற்ற படத்தைத் தேர்வதும் பொருள் பற்றிய கேள்விக்கு விடையளிப்பதும் பொருள்வழி. திருப்பிச் சொல்வதும் எதுகை காண்பதும் ஒலிவழி. இரண்டும் பயனளித்தன, பொருள்வழி சற்றே முந்தியது. எனினும் சில வாரங்களில் அந்த வேறுபாடு மறைந்தது. பொருளையும் ஒலியையும் இணைத்துப் பழக்குவதும் உண்டு.

1995இல் மேரி பாயிலும் கார்ல் கோயெலோவும் ஒரு நோயாளியிடம் பண்புப் பகுப்பு முறையைச் சோதித்தனர். இதில் படத்தைச் சுற்றி அதன் இனம், பயன், இடம், தன்மை முதலியவற்றைச் சொல்லவைப்பர். பழக்காத படங்களின் பெயர்களும் அவருக்கு மேம்பட்டன, தொடர்ப்பேச்சு மேம்படவில்லை. 2008இல் வெளிவந்த ஒலிக்கூறுப் பகுப்பு முறை இதே அமைப்பை ஒலிக்குப் பொருத்தியது.

இன்றைய நிலை

கணினிவழிப் பயிற்சியும் மூளைக்கு மெல்லிய மின்னோட்டம் தருவதும் ஆராயப்படுகின்றன. பிரிட்டனில் 278 பேரிடம் நடந்து 2019இல் வெளியான ஆய்வில், வீட்டிலிருந்தே கணினியில் பழகியோருக்குப் பழகிய சொற்கள் கூடின. உரையாடலில் முன்னேற்றம் தென்படவில்லை.