பெட்ரா: நீரை ஆண்ட பாறை நகரம்

தெற்கு ஜோர்டானின் செம்மணற்கல் மலைகளுக்கு நடுவே அமைந்த பெட்ரா, நபத்தேயர் என்னும் அரபு வணிக மக்களின் தலைநகரம். தென் அரேபியாவின் சாம்பிராணியும் வெள்ளைப்போளமும் ஒட்டகங்களில் காசா துறைமுகத்துக்குப் போன வழியில் இருந்ததால் அது செழித்தது. கி.பி. 106-இல் ரோமப் பேரரசு அதை இணைத்துக்கொண்டது. 363-இல் நேர்ந்த நிலநடுக்கம் பெரும் சேதம் விளைவித்தது.

சுமார் 40 மீட்டர் உயரமுள்ள கஸ்னே என்னும் குடைவரைக் கட்டடத்தின் முகப்பை மேலிருந்து கீழாகச் செதுக்கினார்கள். ஆனால் நபத்தேயரின் உண்மையான சாதனை நீர் மேலாண்மையே. நகரின் நுழைவாயிலான சீக், 1.2 கிலோமீட்டர் நீளமுள்ள குறுகிய மலைப்பிளவு. அதன் சுவர்களில் வெட்டிய கால்வாயும் சுடுமண் குழாய்களும் ஊற்றுநீரை நகருக்குக் கொண்டுவந்தன. வெள்ளம் உள்ளே புகாதபடி வாயிலில் அணை கட்டி, பாறையைக் குடைந்து நீரைத் திருப்பிவிட்டார்கள்.

1812-இல் ஸ்விட்சர்லாந்துப் பயணி புர்க்ஹார்ட், ஷேக் இப்ராஹிம் என்ற பெயரில் முஸ்லிம் வேடமிட்டு, ஆரோன் கல்லறையில் ஆட்டைப் பலியிடப் போவதாகச் சொல்லி உள்ளே நுழைந்தார். நகரை அவர் 'கண்டுபிடித்தார்' என்பது பிழை. பெதுவின் மக்கள் அங்கேயே வாழ்ந்துவந்தார்கள். 1985-இல் பெட்ரா யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. அதே காலத்தில், அந்தப் பெதுவின் மக்களில் குகைவாசிகளான ப்தூல் குடியினர் அருகே அமைந்த உம் சைஹூன் ஊருக்குக் குடியமர்த்தப்பட்டனர்.

1963 ஏப்ரலில், அணை சிதைந்து கிடந்த சீக்கில் திடீர் வெள்ளம் புகுந்து 20-க்கும் மேற்பட்ட பிரெஞ்சுப் பயணிகள் இறந்தார்கள். பிறகு அதே இடத்தில் புதிய அணை எழுந்தது. தனியே செல்பவர்கள் மழை அறிவிப்புள்ள நாளில் சீக்கில் நுழையாதிருப்பதே நல்லது.