சேந்தனார் அமுதும் திருவாதிரைக் களியும்

மார்கழித் திருவாதிரை நாளில் வைகறைக்கு முன்னரே அடுக்களையில் விளக்கேற்றிக் களி கிண்டுதல் தமிழகத்துச் சைவ இல்லங்களிற் பல தலைமுறையாக நிகழ்ந்துவரும் வழக்கம். அன்று ஒரு வாயேனும் களி உண்ணாதவர்க்கு நரகக்குழியே கதி என்று அச்சுறுத்தும் பழமொழியும் ஒன்றுண்டு. அவ் வச்சுறுத்தல் குழந்தைகளை விடியலில் எழுப்பி நீராட்டுதற்குப் பாட்டிமார் கைக்கொண்ட விளையாட்டு உபாயமன்றி, சாத்திர விதியன்று. சாத்திரத்தில் இல்லாத இக்களி திருவாதிரைக்கு எவ்வாறு உரியதாயிற்று, தில்லையம்பலவாணர் திருமுன்னர் நிவேதனமாகும் பேறு இதற்கு எவ்வழியால் வாய்த்தது என்பன ஆராய்தற்குரியன.

திருவாதிரை விழா மிகத் தொன்மையானது. பரிபாடலில் வையையைப் பாடும் பதினோராம் பாடல், மழை நீங்கிய பனிக்காலத்து நிறைமதி ஆதிரையிற் கூடிய நாளில் அந்தணர் விழாத் தொடங்குதலையும், கன்னியர் முதுபெண்டிர் வழிகாட்ட நீராடி நோன்பு நோற்றலையும் கூறுகின்றது. அப்பரடிகள் திருவாரூரில் தாம் கண்ட ஆதிரை விழாவின் பொலிவைத் தனிப்பதிகம் ஒன்றிற் பாடியருளினார். இவ்விரண்டிலும் களி இல்லை.

விழாவொடு மனையுணவு சேர்ந்தமைக்குச் சிறந்த சான்று திருஞானசம்பந்தரின் திருமயிலைப் பூம்பாவைப் பதிகமே. இறந்துபட்ட வணிகர் மகளை அழைத்து, இன்ன விழாவைக் காணாமற் போதியோ என்று வினவுமுகத்தான் அப்பதிகம் ஆண்டு முழுவதும் நிகழும் விழாக்களைக் கூறிச் செல்கின்றது. ஆதிரையும் அவற்றுள் ஒன்று. ஆனால் முதற்பாட்டிற் பிள்ளையார் எடுத்துக்கொண்டது தேரும் அன்று, திருமஞ்சனமும் அன்று. அடியார் கூட்டத்துக்குச் சோறு அட்டு இடுதலையே முதற்கண் வைத்தருளினார். பின்னர்த் தைப்பூசத்தைக் கூறுங்கால், நெய் பெய்த புழுக்கலை மகளிர் ஆக்கிக் கொண்டாடுதலைக் குறித்தார். ஏழாம் நூற்றாண்டிலேயே விழாவென்பது கோயிலில் மட்டும் நிகழ்வதன்று, மனைவியரும் மகளிரும் அடுப்பைச் சூழ்ந்து நிற்பதும் விழாவே என்பது இதனாற் பெறப்படும். உயிர் நீத்த பெண்ணை மீட்டழைக்கும் பாட்டில் வீட்டுச் சமையலின் நினைவு புகுந்தமை கருதத்தக்கது. போன மகளை எந்நாட்டுத் தாயும் உணவு வேளையிலன்றோ மிக நினைப்பாள்!

இனிக் களியின் கதைக்கு வருவோம். இல்லங்களில் வழங்கும் வரலாறு இது: பட்டினத்தடிகளிடம் கணக்கராயிருந்த சேந்தனார், அவர் ஆணைப்படி கருவூலத்தைத் திறந்து யாவரும் கொண்டுசெல்ல விட்டமையாற் சிறைப்பட்டு, பின் அடிகள் அருளால் விடுபட்டுத் தில்லையை யடைந்தார். விறகு விற்று, நாள்தோறும் ஓர் அடியாரேனும் உண்டபின் தாம் உண்ணும் நியமம் பூண்டார். ஒருநாள் பெருமழையில் விறகு நனைந்து விலைபோகவில்லை. வீட்டிலிருந்த மாவைக் களியாக்கி அடியாரை எதிர்நோக்கியிருப்பக் கூத்தப்பிரானே முதியவராய் வந்து உண்டு, எஞ்சியதையும் துணியில் முடிந்து சென்றார். மறுநாட் காலையிற் சிற்சபையில் களி சிதறிக் கிடந்தது. அவ்வாண்டு ஆதிரைத் தேர் ஓடாது நின்றபொழுது, பல்லாண்டு பாடுக என்ற வானொலி கேட்டுச் சேந்தனார் பாடத் தேர் ஓடிற்று.

இக்கதையைத் திருமுறைச் சான்றுகளொடு வைத்து நோக்குதல் வேண்டும். ஒன்பதாந் திருமுறையில் சேந்தனார் பாடியனவாகத் திருவீழிமிழலை, திருவாவடுதுறை, திருவிடைக்கழி ஆகிய தலங்களுக்குத் திருவிசைப்பாக்களும், பதின்மூன்று பாடல்கொண்ட திருப்பல்லாண்டும் உள்ளன. பல்லாண்டின் ஒரு பாடல் ஆதிரைநாளில் தேவரும் பிறரும் திரளாகக் கூடிய விழாக்காட்சியைப் பாடுவதால், அதனைத் திருவாதிரையொடு இயைத்தது பொருத்தமே. பாலுக்கு அழுத குழந்தை உபமன்யுவுக்குப் பாற்கடலையே ஈந்த செய்தியும் அதிற் காணப்படும். எனினும் தேர் நின்றதோ களி சமைத்ததோ பல்லாண்டினுள் யாண்டும் இல்லை.

சேந்தன் அமுதைப் பற்றிய பழைய சான்று நம்பியாண்டார் நம்பி அருளிய கோயில் திருப்பண்ணியர் விருத்தத்தில் உள்ளது. பதினோராந் திருமுறையைச் சார்ந்த இந்நூல் எழுபது பாடலாலானது. அதன் ஒரு பாடலில் நம்பிகள் கூறுவது யாதெனின், முன்னாளில் சேந்தன் என்பான் விரித்த துணியின்மேல் வைத்து அன்பொடு கொடுத்த பழைய சோறும் அம்பலத்து வேந்தனுக்குத் திருவமுதாயிற்று என்பதே. ஆண்டுள்ளது களியன்று, பழஞ்சோறு! அதனினும் முக்கியமான செய்தி, அச் சேந்தனைக் குலத்தாற் பறையர் என நம்பிகள் வெளிப்படையாகக் குறித்தமை.

இவ்விரண்டு சொற்களையும் எளிதிற் கடந்து செல்லல் ஆகாது. ஆகம நெறியில் நிவேதனத்துக்குரிய அன்னம் அன்றே, தூய்மையொடு, உரியவரால் அடப்பட்டதாதல் வேண்டும்; பழையது விலக்கு. உழைக்கும் மக்களோ இரவுச் சோற்றில் நீரூற்றி வைத்து விடியலில் உண்டு வயலுக்குச் செல்வர். தாம் உண்பதையே சேந்தன் கொடுத்தார். அதனையும் அமுதாக ஏற்றான் என்ற உம்மையில் நம்பிகளின் வியப்பு முழுவதும் அடங்கியுள்ளது. ஆதிசைவ மரபில் தோன்றி, நாரையூர்ப் பொல்லாப்பிள்ளையார்க்கு நிவேதனம் செய்தவர் என்று போற்றப்படும் நம்பிகளே இதனைப் பாடினார் என்பது நினைக்கத்தக்கது. நிவேதன விதியை அவரினும் அறிந்தார் யார்?

பல்லாண்டு பாடிய சேந்தனாரும் பழஞ்சோறு கொடுத்த சேந்தனும் ஒருவரோ இருவரோ என்பதில் அறிஞர் கருத்து ஒன்றுபடவில்லை. பெயரொற்றுமை ஒன்றே கொண்டு துணிதல் அரிது. ஆயினும் மக்கள் வழக்கில் இருவரும் ஒருவராயினர் என்பது உறுதி. ஒருவராக்கிய கதை, குலத்தைக் குறிக்கும் சொல்லைக் கைவிட்டுக் கணக்கர் பதவியை அளித்தது. பழஞ்சோற்றை நீக்கிப் புதிதாகக் கிண்டிய களியை வைத்தது. இரு மாற்றமும் ஒரே நோக்கில் நிகழ்ந்தன என்று தோன்றுகின்றது. தம் இல்லத்து நிவேதனமாக ஏற்றற்கு இசைவாக வரலாற்றைப் பின்னோர் சிறிது கழுவிக்கொண்டனர் போலும்.

விறகு எவ்வாறு கதையுட் புகுந்தது? நம்பிகள் பாடலில் விறகு இல்லை. தில்லையில் விறகொடு தொடர்புடைய மற்றோர் அடியார் வரலாறு உண்டு. பதினான்காம் நூற்றாண்டினரான உமாபதி சிவாசாரியாரின் கொற்றவன்குடி மடத்து அடுக்களைக்கு நாள்தோறும் விறகு கொணர்ந்த பெற்றான் சாம்பான் என்பவர், அம்பலவாணர் கைச்சீட்டின்படி அவ்வாசிரியரால் தீக்கை பெற்று முத்தியுற்றார் என்ப. அவரும் அக்குலத்தவரே. ஒரே ஊரில், ஒரே குலத்தில், கூத்தன் அருள்பெற்ற இருவர் நினைவுகள் நாளடைவில் ஒன்றன்மேல் ஒன்று படிந்து, சாம்பானின் விறகு சேந்தனின் தோளேறியிருத்தல் கூடும். இஃது ஊகமே, ஆயினும் தள்ளத்தக்க ஊகமன்று.

மழைக்கும் முன்மாதிரி உண்டு. இளையான்குடி மாறனார் இல்லத்துக்கு மழையிரவிற் பசித்து வந்த அடியார்க்கு, அன்று விதைத்த நெல்லை வயலினின்றும் வாரிக்கொணர்ந்து, கூரையின் வரிச்சை அறுத்து விறகாக்கி, குழிநிரம்பாத கீரையைப் பறித்துக் கறியாக்கிய செய்தியைச் சேக்கிழார் விரித்துரைப்பர். அவ்வரலாற்றில் வழி கண்டவர் நாயனாரின் மனைவியாரே. விதைநெல்லை நினைவூட்டியதும், ஒரே கீரையை வெவ்வேறு கறியாகச் சமைத்ததும் அவ்வம்மையார் திறம். நனைந்த நெல்லை வறுத்துக் குற்றி அரிசியாக்கிய அந்தக் கைகளுக்குப் பெரியபுராணத்தில் இடம் கிடைத்தது.

சேந்தனாருக்கு அவ்விடம் கிடைக்கவில்லை. திருத்தொண்டத் தொகையுள் அவர் பெயர் இன்மையால் சேக்கிழாரும் அவரைப் பாடவில்லை. புராணத்தில் இல்லாத அடியாரின் கதை பெரும்பாலும் மறைந்துபோம். இவர் கதை மறையாமைக்குக் காரணம் ஆண்டுதோறும் ஒரு விடியலில் அதனைச் சொல்லிக்கொண்டே களி கிண்டிய மகளிரே. மதுரையில் வந்தியம்மையின் பிட்டுக்கு மணிவாசகரின் திருக்கழுக்குன்றப் பதிகமே சான்று பகர்கின்றது. ஆவணி மூலத்தில் புட்டுத்தோப்பில் விழாவும் நிகழ்கின்றது. சேந்தனார் களிக்கோ அடுக்களையே ஏடு.

அவ்வேட்டைச் சிறிது படித்தல் நலம். பச்சரிசியைச் சிவக்க வறுத்துத் திரிகையிற் குருணையாக உடைப்பர். ஒரு பங்கு அரிசிக்குக் கால் பங்கு பயற்றம்பருப்பு, ஒன்றரை முதல் இரண்டு பங்கு வெல்லம், மூன்று பங்களவு நீர். வெல்லத்தைக் கரைத்து மண்போக வடிகட்டி, வெண்கலப்பானையிற் கொதிக்கவைத்து, வறுத்த பருப்பையும் குருணையையும் தூவிக் கட்டி தட்டாமற் கிளறுவர். வெந்தபின் தேங்காய்த்துருவலும் ஏலமும் நெய்யும் சேரும். விறகு விற்பவன் வீட்டுக் களியில் இத்துணை நெய் ஏது என்று வினவற்க. வறியவன் வைத்ததை நினைந்து, தம்மால் இயன்றதைச் சேர்ப்பது இல்லத்தார் அன்பு. மேலே இடும் முந்திரிப்பருப்போ போர்த்துக்கேயரால் பதினாறாம் நூற்றாண்டிற் பிரேசில் நாட்டினின்றும் வந்த மரத்தின் விளைவு.

உடன் வைக்கும் ஏழுகறிக் கூட்டும் அவ்வாறே காலங் கலந்தது. திருநெல்வேலிப் பக்கத்தார் எள்ளும் அரிசியும் வறுத்தரைத்துச் செய்யும் அதனைத் தாளகம் என்பர். அவரை, மொச்சை, வாழைக்காய், சேனை, சேம்பு ஆகியன இந்நாட்டுப் பழங்கறிகள். பரங்கிக்காய் தன் வரலாற்றைப் பெயரிலேயே தாங்கியுள்ளது. சர்க்கரைவள்ளியும் மிளகாயும் அமெரிக்கக் கண்டத்துப் பொருள்களே. நம்பிகள் காலத்துக் கூட்டிற் காரம் வேண்டின் மிளகையே நாடியிருப்பர். ஆகவே சேந்தனார் காலமுதல் அணுவும் மாறாது வந்தது இவ்வுணவு என்பார் கூற்று பொருந்தாது.

மலைநாட்டில் இதே தனுமாத ஆதிரையில் மகளிர் அரிசிச்சோறு நீக்கி, கிழங்குகளைச் சேர்த்த புழுக்கும் கூவைக்கிழங்கு மாவின் பாயசமும் உண்பர். முதல்நாள் மாலை கிழங்குகளைச் சுட்டு வெல்லத்தொடு கூட்டி எட்டங்காடி படைப்பர். சம்பந்தர் ஆண்ட புழுக்கல் என்னும் சொல்லின் உறவு அங்கே ஆதிரையோடு நிற்பதும், இங்குள்ள கூட்டிற் கிழங்குகள் மிகுந்திருப்பதும் ஒப்பிடத்தக்கன. பனிக்காலத்தில் நிலத்திலிருந்து அகழப்படும் கிழங்குகளே இவ்விழாவின் மூத்த உணவு எனலாம். அங்கு மகளிர் ஆடும் கைகொட்டிக்களியிற் களி என்பது விளையாட்டு. தமிழில் அச்சொல் மகிழ்ச்சிக்கும் குழைந்த உணவுக்கும் உரியது. ஆனந்தக் கூத்தனுக்குக் களி படைத்தல் ஆனந்தத்தையே படைத்தலாம் என்று சொற்பொழிவாளர் கூறுவது செவிக்கு இனிது. வரலாற்றுக்கு அது சான்றாகாது.

சான்றாவது வேறொன்று உண்டு. சேந்தன் பெயரால் நூற்றாண்டுக் கணக்காகக் களி கிண்டிய பல இல்லங்களில், சேந்தன் குலத்தார் வாயில் கடந்து வர இயலாதிருந்தனர். கோயிலிலும் அதுவே நிலை. திருநாளைப்போவார் தில்லையுள் தீமூழ்கியே புகுந்தார். சேந்தனின் சோறு மட்டும் அம்பலத்துட் சென்றது. 1939ஆம் ஆண்டு ஜூலை 8ஆம் நாள் மதுரை மீனாட்சியம்மை கோயிலுள் அம்மக்கள் நுழைந்ததும், 1947ஆம் ஆண்டின் சென்னை மாகாணச் சட்டம் கோயில்களை யாவர்க்கும் திறந்ததும், நம்பிகள் அப்பாடலை இயற்றி ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகள் கழிந்தபின் நிகழ்ந்தவை. அவ்விருத்தம் திருமுறைக்குள்ளேயே இருந்தது, ஓதினாரும் இருந்தனர். களியை நினைத்த அளவு கொடுத்தவரைச் சைவருலகம் நினைத்ததில்லை என்பதை மறைத்துப் பயனில்லை.

தில்லையில் ஆதிரைக்கு முதல்நாள் கூத்தப்பெருமானும் சிவகாமியம்மையும் தேரேறி வீதிவலம் வந்து, இரவு ஆயிரக்கால் மண்டபத்துத் தங்கி, விடியற்பொழுதில் திருமஞ்சனம் கொண்டருள்வர். அதே விடியலில் ஊர்தோறும் இல்லங்களிற் களி இறக்கப்படும். தேவாரம், திருவாசகம், திருவிசைப்பா, திருப்பல்லாண்டு, பெரியபுராணம் என்னும் பஞ்சபுராணத்தை ஓதும் வழக்கமுள்ள குடும்பங்களில், நான்காவதாகச் சேந்தனார் பாட்டு வரும். ஐந்தும் முடிந்து தீபம் காட்டியபின், பூசை வேளை முழுதும் இலையையே நோக்கியிருந்த பிள்ளைகளுக்கு முதற்கரண்டிக் களி இடப்படும்.