பாலாக் காட்டுத் தாத்தா

மலேசியத் தமிழர் வரலாறு என்றாலே நமக்கு ரப்பர்தான். பால்வாளி, லயம், கிராணி, கள்ளுக்கடை. நான் வாசித்த கதைகளும் ஆய்வுகளும் பெரும்பாலும் தோட்ட எல்லையைத் தாண்டவில்லை. ரயில் தண்டவாளம் போட்டவர்களுக்காவது கொஞ்சம் இடம் கிடைத்தது. பாலாக் வெட்டப் போனவர்களுக்கு அதுவும் இல்லை. என் தாத்தா அவர்களில் ஒருவர்.

மெந்தகாப் பக்கம் பால் வெட்டிக்கொண்டிருந்தார். 1969 மே கலவரத்துக்குப் பிறகு, குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை பெர்மிட் கெடுபிடி வந்தது. சிவப்பு ஐசிக்காரர்கள் ஆயிரக்கணக்கில் வேலை இழந்தார்கள், பலர் கப்பலேறினார்கள். தாத்தா ஏறவில்லை. "அங்க போயி யாரு வீட்டுத் திண்ணையில படுக்கிறது? மலையில எவன் ஐசி கேக்கப் போறான்னு தவுக்கே லோரியில ஏறிட்டாரு" என்பார் பாட்டி. அப்போது ஐந்து பிள்ளைகள்.

பகாங்கில் ஜெங்கா முக்கோணம் திறக்கப்பட்ட காலம் அது. உலக வங்கிக் கடனோடு ஃபெல்டா குடியேற்றத்துக்காகக் காடு இறங்கிக்கொண்டிருந்தது. மெராந்தி, குருயிங், கெம்பாஸ். தாத்தா ஓட்டியது சான் தாய் வோங். சீனத்தில் மலையரசன் என்று பொருள். இரண்டாம் உலகப் போரில் ராணுவம் ஓட்டிய பழைய லோரிகளில் விஞ்ச் பூட்டி மரம் இழுக்க வைத்திருந்தார்கள். தாத்தாவின் வண்டிக்குக் கதவே கிடையாது. சரிவில் வண்டி சாய்ந்தால் குதிக்க வேண்டும், அதற்குத்தான். கம்பிக் கயிறு அறுந்தால் குதித்தும் பயனில்லை.

கீழே இறங்கிய ஒவ்வொரு கட்டையையும் வன இலாகா அளந்து, நம்பர் போட்டு, சுத்தியலால் முத்திரை குத்தும். மாநிலத்துக்கு ராயல்டி போகும். எந்தக் கட்டை எந்தக் காட்டிலிருந்து வந்தது என்பதற்குத் தாள் உண்டு. தாத்தா அங்கே வேலை செய்தார் என்பதற்கு எங்கள் வீட்டில் ஒரு தாள்கூட இல்லை. ஈபிஎஃப் இல்லை, சொக்சோ இல்லை. டன் கணக்கில் கூலி. வருடக் கடைசி அடைமழையில் காட்டுப்பாதை சேறாகிவிடும். அந்த மாதங்களில் அரிசி கடனுக்குத்தான் வந்தது.

பதினைந்து நாளுக்கு ஒருமுறை வீட்டுக்கு வருவார். காலெல்லாம் அட்டை கடித்த தழும்பு. பள்ளி திறக்கும் சமயம் பிள்ளைகளின் பாதத்தை ரோத்தானில் அளந்து, துண்டு துண்டாக வெட்டிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு தெமர்லோவில் சப்பாத்து வாங்குவாராம். ஐந்து துண்டுகள். எது யாருடையது என்று ஒருநாளும் மாறியதில்லை என்கிறார் அத்தை.

காட்டை அழித்தவர்தானே என்று இன்று யாராவது கேட்கலாம். கேட்கட்டும். ஆனால் லைசென்சில் கையெழுத்துப் போட்டவர்களிடமிருந்து அந்தக் கேள்வி தொடங்க வேண்டும்.

மரம் போன நிலத்தில் செம்பனை வந்தது. ஃபெல்டா நிலத்துக்கு மனுப் போடக் குடியுரிமை வேண்டும். "கேட்டுப் பாத்தாரா பாட்டி?" என்றேன்.

"எதக் காட்டி கேக்கிறது?"

1985-இல் தீபகற்பத்திலிருந்து மரக்கட்டை ஏற்றுமதி முழுமையாகத் தடை செய்யப்பட்டபோது அவருக்கு முதுகு போயிருந்தது. பிறகு ஒரு பலகை ஆலையில் இரவுக் காவல். இறக்கும்போதும் அதே சிவப்பு ஐசிதான் சட்டைப் பையில் இருந்தது.